லே மணலில் இறங்கிய டகோட்டா: கேள்வி பதில்

விமானப்படையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன், லாஸ்பேட்டைக்காரன். பழைய ராணுவ விமானங்கள், வான்சாகசங்கள் பற்றிக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்: சார், நம்ம விமானிகள் செய்ததிலேயே பெரிய துணிச்சல் எது?

விமானப்படை அதிகாரி மேஹர் சிங் லடாக்கின் லேயில் டகோட்டா என்ற சரக்கு விமானத்தை இறக்கியது. 1948 மே 24, உள்ளே ஜெனரல் திம்மய்யா. சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் ஊர் ஆட்களை வைத்துச் சமன்படுத்திய மணல் ஓடுதளம் அது. எல்லோரும் இறங்கியதையே பேசுகிறார்கள். எனக்கு அவர் திரும்பக் கிளம்பியதுதான் பெரிது. லே 10,600 அடிக்கு மேல். நம்ம கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் 70 சதவீதம் சொச்சம்தான் அங்கே. இறக்கையின் தூக்குவிசை குறையும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும், புரொப்பல்லருக்குப் பிடிமானம் போகும். தரையை விட்டு எழும்ப ரொம்ப தூரம் ஓட வேண்டும். மதியமானால் பள்ளத்தாக்குக் காற்று வேறு. இன்றைக்கும் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போவது அதனால்தான். குளிர்காலத்தில் நான் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். வெறுங்கையில் ஸ்பேனரைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். எந்த விமானக் கதையிலும் முதலில் உயரத்தைக் கேளுங்கள்.

வில்லியனூர்: உலகிலேயே வேகமான ஜெட்?

அமெரிக்காவின் உளவு விமானம் எஸ்ஆர்-71. 1976 ஜூலை 28 அன்று மணிக்கு 3,529 கி.மீ. காற்று மெலிந்த மேல்வானத்தில் எடுத்த வேகம் அது. உயரத்தைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்லக் கூடாது.

நெய்வேலி: பையனை விமானப்படையில் சேர்க்க ஒருத்தர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீங்கம்மா. விமானப்படையின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் பாருங்கள்.

நெல்லித்தோப்பு: எங்க தாத்தா பிரெஞ்சு சொல்தா, அதாவது படைவீரர். சுழலும் புரொப்பல்லருக்கு நடுவே சுடும் கருவியைக் கண்டுபிடித்தது ரோலண்ட் கரோஸ்தான் என்பார். சரியா?

பாதி சரி. 1915-ல் கரோஸ் முன்பக்கமாகச் சுட்டு விமானங்களை வீழ்த்தியது உண்மை. ஆனால் புரொப்பல்லரில் எஃகு ஆப்புகளைப் பொருத்தி, பிளேடில் படும் குண்டை விலகிப் போக வைத்தார், அவ்வளவுதான்.

நெல்லித்தோப்பு: அப்போ ஜெர்மனிக்குப் போர் விமானம் செய்த ஃபோக்கர் அதைப் பார்த்துத்தானே தன் கருவியைச் செய்தார்?

இல்லை தம்பி. ஏப்ரல் 18-ல் கரோஸின் விமானம் ஜெர்மானியர் கையில் சிக்கியது; ஃபோக்கரை அது உசுப்பியிருக்கலாம். ஃபோக்கர் பொருத்தியது வேறு: பிளேடு குறுக்கே வரும்போது துப்பாக்கியே சுடாது. ஒன்று கவசம், மற்றது தாளம். அந்தத் தாளத்துக்கான யோசனையும் கரோஸுக்கு விமானம் செய்த சோல்னியேவிடம் முன்பே இருந்தது. தாத்தா கரோஸைக் கொண்டாடியதில் தப்பில்லை. 1913-ல் ஒற்றை இன்ஜினை நம்பி 7 மணி 53 நிமிடத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டியவர். நம்ம புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பலேறியவர்களின் பிள்ளைகள் வாழும் ரீயூனியனில்தான் பிறந்தார்.

முத்தியால்பேட்டை: கரோஸ் டென்னிஸ் வீரர் இல்லையா?

விமானி. 1928-ல் பாரிஸ் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

அரியாங்குப்பம்: சோவியத் மிக்-25 எஸ்ஆரை முந்துமா? எது வேகம்?

முந்தாது. வேகக் கேள்விக்கு வில்லியனூர்க்காரருக்குச் சொன்னதே பதில். இனி அதைக் கேட்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: நம்ம சின்ன நாட் போர் விமானம் பாகிஸ்தானின் சேபர் விமானத்தை எப்படி எதிர்த்தது?

சிறிய உடம்பு என்பதால் எதிரி கண்ணில் சீக்கிரம் படாது, சட்டென்று மேலேறும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நிர்மல்ஜித் சிங் செக்கோன் கிளம்பியது அதில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. நாட் விமானத்தின் ஆர்ஃபியஸ் ஜெட் இன்ஜினையே பேக்கெட் சரக்கு விமானத்தின் முதுகில் ஏற்றினார்கள். எதற்கு? மலை உயரத்தில் எழும்பத்தான்.

பாகூர்: டகோட்டா எதுவும் இன்னும் பறக்கிறதா அய்யா?

பறக்கிறது. 2018-ல் விமானப்படைக்கு வந்த 'பரசுராமா'. அதற்கு விபி 905 என்று எண் போட்டிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சீக்கியப் படையை இறக்கிய டகோட்டாவின் எண் அது. விமானப்படை நாளில் வந்தால் இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள்; இரண்டு பிஸ்டன் இன்ஜின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்.