12 வருடம் தோற்காத பள்ளி அணி

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பள்ளி ஃபுட்பால் அணி 12 வருடம் தோற்கவே இல்லையாமே, உண்மையா? எப்படி முடிந்தது?

உண்மைதான். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கலிஃபோர்னியாவில் கான்கார்ட் என்ற ஊரில் இருக்கும் டி லா சால் பள்ளி. 1991 டிசம்பரில் பக்கத்து ஊரான பிட்ஸ்பர்க்கின் பள்ளியிடம் தோற்றார்கள். அடுத்த தோல்வி 2004 செப்டம்பரில். இடையில் 151 ஆட்டங்கள், அத்தனையும் வெற்றி. அதற்கு முன்பிருந்த சாதனை மிச்சிகனின் ஹட்சன் பள்ளியுடையது, 72 ஆட்டம். 1992-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை 2004-ல் பன்னிரண்டாவது முடித்து வெளியே வரும் வரைக்கும் இந்த அணி ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

வேலை விஷயமாக நான் கான்கார்டில் சில வருடம் குடியிருந்தேன். அந்தத் தொடர் வெற்றி முடிந்து வெகு நாளாகியிருந்தது, ஆனால் அதே கோச் பாப் லாடூசர்தான் அப்போதும் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் மைதானத்துக்குள் வந்ததை நான் மறக்கவே மாட்டேன். தோளில் கவசம், தலையில் ஹெல்மெட், ஆறடி உயரப் பையன்கள் இரண்டிரண்டு பேராகக் கையைக் கோத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். பாலர் பள்ளிக் குழந்தைகளை ரோடு தாண்டக் கூட்டிப்போவார்களே, அப்படி. கத்தல் இல்லை, குதியாட்டம் இல்லை.

என்னைக் கேட்டால், எல்லாம் அந்தக் கைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பையனும் ஒரு சின்ன அட்டையில் தன் இலக்கை எழுதுவான்: பயிற்சியில் இதைச் செய்வேன், ஆட்டத்தில் இதைச் செய்வேன் என்று. அப்புறம் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, ஒரு சக ஆட்டக்காரனைப் பார்த்துப் படிப்பான். செய்யவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது கோச்சிடம் இல்லை, அந்த நண்பனிடம். பதினேழு வயதில் கோச்சை ஏமாற்றிவிடலாம். தினமும் பக்கத்தில் நிற்பவனை எப்படி ஏமாற்றுவது?

ஆட்டத்திலும் அது தெரியும். முன்வரிசையில் நிற்பவர்கள் பல சமயம் எதிரணியைவிட எடை குறைந்தவர்கள். ஆனால் பந்து நகர்ந்த நொடியில் ஐந்து பேரும் தாழக் குனிந்து ஒன்றாகப் பாய்வார்கள். 2001-ல் நாட்டின் முதலிடமும் இரண்டாமிடமும் மோதிய ஆட்டத்தில் லாங் பீச் பாலி பள்ளியை 29-15 என்று வென்றார்கள்.

தனியார் பள்ளி, அதனால் நல்ல பையன்களாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. பல ஊர்ப் பையன்கள் வந்து சேரலாம் என்பது அனுகூலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1979-ல் 25 வயது லாடூசர் வந்து சேரும் முன்பும் அது தனியார் பள்ளிதான். அதுவரை ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் இருந்ததில்லை.

முடிவைப் பற்றி எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. 2004 ஆகஸ்ட் 12 அன்று டெரன்ஸ் கெல்லி என்ற 18 வயதுப் பையனை ரிச்மண்டில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போதுதான் இந்தப் பள்ளியில் படிப்பை முடித்து, உதவித்தொகையோடு ஆரிகன் பல்கலைக்கழகத்துக்கு விளையாடக் கிளம்ப இருந்தவன். அவனோடு ஆடிய பையன்கள் அவனை அடக்கம் செய்த சில வாரங்களில் சியாட்டிலுக்குப் போய், பெல்வியூ பள்ளியிடம் 39-20 என்று தோற்றார்கள். துக்கத்தால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பெல்வியூ அன்று அவ்வளவு நன்றாக ஆடியது.

லாடூசர் அதற்குப் பிறகும் எட்டு வருடத்துக்கு மேல் இருந்தார். 2013 ஜனவரியில் விலகியபோது அவர் கணக்கில் 399 வெற்றிகள். 400-க்காக அவர் இன்னொரு சீசன் இருக்கவில்லை.