கேம் கார்ட்ரிட்ஜைக் காப்பி எடுக்கும் பழைய கருவிகள்: வாங்கலாமா?

கேள்வி: சிகாகோ பக்கம் வசிக்கிறேன். இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்கிற இடத்தில், அடாரி நிறுவனத்தின் 2600 என்ற பழைய வீடியோ கேம் கன்சோலுக்கான கேம்களைக் காப்பி எடுக்கும் ‘ப்ராம் பிளாஸ்டர்’ என்ற கருவியைப் பார்த்தேன். கூடவே கொஞ்சம் வெற்றுக் கார்ட்ரிட்ஜ்களும் (கன்சோலில் செருகும் கேம் பெட்டிகள்) இருக்கின்றன. “கோர்ட் தடை செய்த பொருள், இனிமேல் கிடைக்காது” என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார்கள். வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா? அந்த விலைக்குத் தகுமா?

பதில்: தடை வந்தது உண்மை. ஆனால் அது யாருக்கு வந்தது என்று தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

இந்தக் கருவியை விற்றது உங்கள் ஊர்ப் பக்கம்தான். இல்லினாய் மாநிலம் நார்த்புரூக்கில் ஜே.எஸ். அண்ட் ஏ என்ற அஞ்சல்வழி வியாபார நிறுவனம் இருந்தது. நீளநீளமான விளம்பரங்களுக்குப் பேர்போன ஜோசப் சுகர்மேனின் நிறுவனம் அது. பின்னாளில் ப்ளூபிளாக்கர் கறுப்புக் கண்ணாடியை விற்றவரும் அவரே. ப்ராம் பிளாஸ்டரின் விலை 119 டாலர். அசல் கார்ட்ரிட்ஜில் இருப்பதைச் சில நிமிடங்களில் வெற்றுக் கார்ட்ரிட்ஜில் பதிந்து கொடுத்துவிடும்.

அடாரி வழக்குப் போட்டது. ஜே.எஸ். அண்ட் ஏ சொன்ன வாதம் அசட்டையாகத் தள்ளக்கூடியது அல்ல. அமெரிக்கக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 117-ஆம் பிரிவை 1980-இல் திருத்தியபோது, கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாம் என்று சேர்த்திருந்தார்கள். கேமும் ஒரு நிரல்தானே, வாங்கியவர் பேக்கப் எடுத்தால் என்ன தப்பு என்று நிறுவனம் கேட்டது.

1983 டிசம்பரில் சிகாகோ கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சலுகை, இயந்திரக் கோளாறாலோ மின் கோளாறாலோ அழிந்துபோகக்கூடிய பதிவுகளுக்காகக் கொடுக்கப்பட்டது; ஃப்ளாப்பியில் இருக்கிற நிரல் ஒரு சின்னத் தவறில் போய்விடும், கார்ட்ரிட்ஜின் ரோம் (ROM) சிப்பில் (படிக்க மட்டும் முடிகிற நினைவகத்தில்) இருக்கிற கேமுக்கு அந்த ஆபத்து இல்லை; ஆகவே பேக்கப்புக்குத் தேவையும் இல்லை, உரிமையும் இல்லை என்றது. தானே விற்கிற சில கேம்களைக் காப்பி எடுக்க நிறுவனம் அனுமதி கொடுத்திருந்தது. கருவிக்குச் சட்டப்படியான பயன்பாடு உண்டு என்று காட்ட அது போதாது என்று சொல்லி நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை போட்டது.

அடுத்த மாதமே, 1984 ஜனவரியில், சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வேறு மாதிரித் தீர்ப்பு சொன்னது. சட்டத்துக்கு உட்பட்ட, கணிசமான பயன்பாட்டுக்கு இடம் இருக்கிற கருவியை விற்பது காப்புரிமை மீறலுக்குத் துணைபோவது ஆகாது என்பது அதன் சாரம். 1988-இல் வால்ட், குவைட் என்ற இரு மென்பொருள் நிறுவனங்களின் வழக்கில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. இயந்திரக் கோளாறு, மின் கோளாறு என்ற வரம்பு எதையும் சட்டத்தின் வாசகத்தில் காணோமே என்றது. எனக்கு இந்த வாசிப்புதான் சரியாகப் படுகிறது. ஆனால் அது ஃப்ளாப்பி மென்பொருள் பற்றிய வழக்கு. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லினாய் வராது. அதை நம்பி நீங்கள் காப்பி எடுக்கக் கிளம்ப வேண்டாம்.

ஆக, 1983 தீர்ப்பு தடுத்தது விற்ற நிறுவனத்தை. பழைய கருவி ஒன்றை வாங்கி அலமாரியில் வைக்கிற உங்களை அது தொடவில்லை. மற்றவர்களின் கேமை அதில் காப்பி எடுத்தால் விஷயம் வேறு. அந்தக் காப்பியை விற்றால் பேச்சுக்கே இடமில்லை, அது காப்புரிமை மீறல்.

சரி, விலைக்கு வருவோம். கருவி அபூர்வமானதற்குக் கோர்ட் மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தையே சரிந்த வருடம் 1983. கடைகளில் அசல் கேம்களே அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது காப்பி எடுக்க 119 டாலர் யார் கொடுப்பார்கள்? அதனால் “தடை செய்யப்பட்டது” என்ற கதைக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். பெட்டி, கையேடு, அன்றைய ரசீது, பிரிக்காத வெற்றுக் கார்ட்ரிட்ஜ் இவை சேர்ந்து இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். தனிக் கருவி மட்டும் என்றால் பாதிக்குக் கீழே கேளுங்கள்.

அங்கேயே மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். அதற்குரிய அடாப்டர் இல்லாமல் கையில் கிடைத்ததைச் செருகினால் கருவி அத்தோடு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் முதலில் கண்டன்சர்கள் உப்பியிருக்கிறதா, கசிந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

வெற்றுக் கார்ட்ரிட்ஜ்களை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். உள்ளே சின்னக் கண்ணாடிச் சன்னல் வைத்த சிப் இருந்தால் அது ஈப்ராம். அதில் பதிந்தது புறஊதா ஒளியில் அழியும்படியே செய்யப்பட்டது. சன்னல் மூடாமல் நேர் வெயிலில் கிடந்தால் ஏறக்குறைய ஒரு வாரம், டியூப்லைட் வெளிச்சத்தில் தொடர்ந்து கிடந்தால் சுமார் மூன்று வருடம் என்று சிப் தயாரிப்பாளர்களின் விவரத்தாளே சொல்லும். இருட்டில் வைத்தாலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். அடாரியின் அசல் கார்ட்ரிட்ஜில் தகவல் சிப் செய்யும்போதே அதன் அமைப்பில் பதிந்துவிடுகிறது. அதனால் 40 வருடம் கழித்தும் பெரும்பாலானவை ஓடுகின்றன. ரோமின் ஆயுளைப் பற்றி நீதிமன்றம் சொன்னது அனுபவத்தில் பெருமளவு சரியாகவே இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்த காப்பிதான் முதலில் போகிறது. ஆகவே அந்தக் கார்ட்ரிட்ஜ்களில் “கேம் இருக்கிறது” என்று சொல்லித் தனியாக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். சன்னல் திறந்திருந்தால் அன்றைக்கே ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் சூப்பர் நின்டென்டோ, நின்டென்டோ 64 அசல் கார்ட்ரிட்ஜ்கள் நிறைய இருக்கின்றன. பேக்கப் எடுக்க ‘சூப்பர் வைல்ட் கார்ட்’, ‘டாக்டர் வி64’ இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: பேக்கப்தான் நோக்கம் என்றால் இரண்டும் வேண்டாம்.

சூப்பர் வைல்ட் கார்ட் கன்சோலின் மேல் உட்கார்ந்து ஃப்ளாப்பியில் எழுதும். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 மெகாபைட்தான் பிடிக்கும் என்பதால் 4 மெகாபைட் கேமுக்கு மூன்று ஃப்ளாப்பி தேவை. கூடுதல் கணக்குச் சிப் வைத்த கேம்களின் காப்பி தனியாக ஓடாது. ஹாங்காங்கின் பங் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டாக்டர் வி64 கன்சோலின் அடியில் பொருந்தும். சிடியிலிருந்து கேமை ஏற்றும், வீடியோ சிடியும் ஓட்டும். நின்டென்டோவின் அதிகாரபூர்வ உருவாக்கக் கருவிகள் விலை அதிகம் என்பதால் சில கேம் நிறுவனங்களே வி64-ஐ வைத்து வேலை பார்த்தன. நியாயமான பயன்பாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஆனாலும் நின்டென்டோ பங் மீது வழக்குத் தொடுத்தது.

இன்று ரெட்ரோட் போன்ற யூஎஸ்பி ரீடர்கள் இருக்கின்றன. சூப்பர் நின்டென்டோ கார்ட்ரிட்ஜைச் செருகினால் கணினியில் பென் டிரைவ் மாதிரித் தெரியும். உங்கள் சேமிப்புக் கோப்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது அவைதான். கார்ட்ரிட்ஜின் பேட்டரி தீர்ந்த நாளில் அவை போய்விடும், திரும்ப வராது.

சேகரிப்புக்காக வாங்குவதானால் வாங்குங்கள். ஆனால் “200 கேம் ஃப்ளாப்பி இலவசம்” என்று சேர்த்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். கருவியை வைத்திருப்பதற்கு விளக்கம் சொல்லலாம், அந்த ஃப்ளாப்பிகளுக்குச் சொல்ல முடியாது.

கேள்வி: இந்தியாவில் இருந்தால் பேக்கப் எடுக்கலாமா?

பதில்: 1957-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(aa) பிரிவு இதற்கு இடம் தருகிறது. முறையாக வைத்திருக்கும் நிரலைத் தொலைந்துபோதல், அழிதல், சேதமாதல் ஆகியவற்றிலிருந்து தற்காலிகமாகக் காக்கப் பிரதி எடுக்கலாம், அதுவும் எதற்காகக் கொடுத்தார்களோ அந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். அதே சமயம் 2012-இல் சேர்த்த 65A பிரிவையும் பாருங்கள். காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அசல் கார்ட்ரிட்ஜை விற்றுவிட்டுக் காப்பியை வைத்துக்கொண்டால் “முறையாக வைத்திருப்பவர்” என்ற தகுதி போய்விடும். விற்கிற அன்றே காப்பியையும் அழித்துவிடுங்கள்.