மிஸ்ஸி (தாதி) பதில்கள்

கேள்வி: மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். கைக்குழந்தையாக இருந்தபோதே எல்லா ஊசியும் போட்டாயிற்று. மறுபடியும் பள்ளியிலிருந்து ஒப்புதல் பாரம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
- ஒரு தாய், பிறை, பினாங்கு

பதில்: போடுங்கள் அம்மா, இன்றே போடுங்கள். ஏழு வயதில் போடுவது தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), டெட்டனஸ் இரண்டுக்குமான ஊக்க ஊசி. தட்டம்மை, ரூபெல்லாவுக்கு இன்னொன்று. சிறுவயதில் போட்ட ஊசியின் பலம் நாளடைவில் குறையும். 2016-இல் நம் மலேசியாவில் தொண்டை அடைப்பான் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. அந்த ஆண்டை என்னால் மறக்கவே முடியவில்லை.

பள்ளிக்கு வரும் தாதியின் வேலை ஊசி குத்துவது மட்டுமன்று. குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்ப்பாள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாரத்தையும் படிப்பாள். தாதியாக நான் ஒரு பள்ளிக்குப் போனபோது, பாரத்தின் ஓரத்தில் பென்சிலால் "ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறான்" என்று ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காக அவனுக்கு ஊசி போடாமல் மருத்துவரிடம் அனுப்பினேன். தட்டம்மை ஊசியில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள கிருமி. ஸ்டீராய்டு போன்ற மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அது ஆகாது. ஒவ்வாமை, பழைய ஊசியால் வந்த தொல்லை எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்று காலை பசியாற வைத்து அனுப்புங்கள். கடும் காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள், தள்ளிப் போடலாம். "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எறும்பு கடித்தாற்போல் கொஞ்சம் வலிக்கும் என்று பெற்றோர் சொல்லி அனுப்பிய பிள்ளைகள்தாம் என்னிடம் தைரியமாகக் கையை நீட்டினார்கள்.