பாதி பேய், பாதி பேத்தல்: ‘நைட் கேலரி’ பற்றி வாசகர் கேள்விகள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘ட்வைலைட் ஸோன்’ பார்த்த மயக்கத்தில், அதைப் படைத்த ராட் செர்லிங்கே வருகிறாரே என்று ‘நைட் கேலரி’ திகில் தொடரைத் தொடங்கினேன். ஒரு கதை தூக்கிவாரிப் போடுகிறது. அடுத்த கதை, பள்ளி ஆண்டு விழா நாடகம். இரண்டும் ஒரே ஆள் எடுத்ததுதானா?
– மதுரை வாசகர்

முகம் காட்டியவர் ஒருவர், எடுத்தவர் வேறொருவர். கோளாறு அங்கேதான்.

‘ட்வைலைட் ஸோன்’ (1959–64) செர்லிங்கின் சொந்தக் கம்பெனி பங்கெடுத்த தயாரிப்பு. 156 அத்தியாயங்களில் 92 அவர் எழுதியவை. எந்தக் கதை உள்ளே, எது வெளியே என்பதில் அவர் பேச்சு எடுபட்டது. ‘நைட் கேலரி’ யுனிவர்சல் ஸ்டூடியோவின் சரக்கு. தயாரிப்பாளர் ஜாக் லேர்ட். செர்லிங் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எழுதினார், ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஓவியக்கூட அரங்கில், அந்தக் கதைக்கான ஓவியத்தின் அருகில் நின்று அறிமுகம் சொன்னார். சாவிக்கொத்து மட்டும் லேர்டிடம் இருந்தது. இரவு கூர்க்காவைக் கடை முதலாளி என்று நாம் நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் வரத்தானே செய்யும்?

லேர்டையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. லவ்கிராஃப்ட், அல்ஜெர்னன் பிளாக்வுட், கான்ராட் எய்க்கன் ஆகிய எழுத்தாளர்களின் கதைகளை அமெரிக்க வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது இந்தத் தொடர். அதே லேர்டுக்கு நகைச்சுவைத் துணுக்கு என்ற வியாதியும் இருந்தது. இரண்டாம் சீசனில் ஒரு மணி நேர இடம். விளம்பரம் போக 50 நிமிடம். அதில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கதைகள். நீளமான கதைகளை வைத்தபின் மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்தை டிராகுலா ஜோக், ரத்த வங்கி ஜோக் என்று அடைத்தார்கள். 1971 டிசம்பர் 8 அத்தியாயத்தைப் பாருங்கள். குளிரூட்டிய அறையைவிட்டு வெளியே வர முடியாத மருத்துவரின் கதையான ‘கூல் ஏர்’ அதில் இருக்கிறது. அந்தக் குளிர் எலும்பில் இறங்கியிருக்கும்போது, கடைசித் துணுக்காகத் திகில் கதை முன்னோடி எட்கர் ஆலன் போவையே கோமாளி ஆக்கி விளக்கை அணைக்கிறார்கள். பாயசத்துக்குப் பிறகு பல்பொடி. செர்லிங்குக்கும் இந்தத் துணுக்குகள் அறவே பிடிக்கவில்லை.

ஆகவே அத்தியாயம் அத்தியாயமாகப் பார்க்காதீர்கள். கதை கதையாகப் பொறுக்கிப் பாருங்கள். இந்தத் தொடரோடு சமாதானமாகப் போக வேறு வழி இல்லை.

அப்படியானால் எதில் தொடங்கலாம்? வாரத்துக்கு ஒரு இரவுதான் எனக்கு ஓய்வு.
– கோவை வாசகி

முதல் இரவு, 1969 நவம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த முன்னோட்டப் படம். மூன்று கதைகள், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் கதையில் சுவரில் மாட்டிய படம் மாறிக்கொண்டே போகும். கல்லறையில் இருப்பவர் வீட்டை நோக்கி நடந்து வருவது படத்துக்குள் தெரியும். நடுக்கதை ‘ஐஸ்’ (Eyes, கண்கள்). 22 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், நடிகை ஜோன் கிராஃபோர்டை வைத்து இயக்கியது. மூன்றாவதற்குள் தூக்கம் வந்தால் குற்றமில்லை, மறுநாள் பார்க்கலாம்.

இரண்டாம் இரவு, ‘தே ஆர் டேரிங் டவுன் டிம் ரைலிஸ் பார்’ (1971 ஜனவரி 20). பேய் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். 25 வருடம் ஒரே கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவர், தன் இளமைக்காலத்து மதுக்கடையை இடிக்கும்போது செத்துப்போனவர்களை அங்கே பார்க்கிறார். வில்லியம் விண்டமின் நடிப்பு. எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதுக்குப் பரிந்துரை வரை போன கதை. செர்லிங் எழுதியவற்றில் முதல் வரிசையில் வைக்கலாம்.

மூன்றாம் இரவு, ‘தி சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்ஸ்’. பஞ்சக்கால வேல்ஸ். பிணத்தருகே படைத்த உணவைத் தின்று, இறந்தவரின் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் தொழில்காரன். அவனுக்கு முடியாமல் போக, பசித்த மகன் போகிறான். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள், ஆனால் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

‘பிக்மன்ஸ் மாடல்’ பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். பாதிதான் நல்லது. லவ்கிராஃப்ட் கதையில் ஓவியன் வரைகிற ஜந்துவை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. கடைசியில் ஒரு புகைப்படம்தான் போட்டுக் கொடுக்கும். தொலைக்காட்சியில் அதை முழு உருவமாக ஓட விட்டார்கள். ஒப்பனை அபாரம், எம்மி பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் உருவம் முழுசாகத் தெரிந்தபின் பயம் குறைந்து, ‘எப்படிச் செய்திருப்பார்கள்’ என்று மனம் போய்விடுகிறது.

எனக்குக் கிடைத்த பிரதியில் ஒவ்வொன்றும் 25 நிமிடம்தான். கதைகள் திடீரென்று தாவுகின்றன. சிலவற்றில் ஓவியக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டாக்டர் துப்பறிகிறார்!
– திருச்சி வாசகர்

உங்களுக்குக் கிடைத்தது வெட்டுப் பிரதி. தொடர் முடிந்தபின் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்காக விற்றபோது, எல்லாவற்றையும் அரை மணி நேரமாக்கினார்கள். 40 நிமிடக் கதை பாதியாக அறுபட்டது. 10 நிமிடக் கதை, வேறு காட்சிகளை ஒட்டி இழுக்கப்பட்டது. எண்ணிக்கை போதவில்லை என்று, ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ என்ற வேறொரு தொடரின் 25 அத்தியாயங்களையும் வெட்டி, செர்லிங்கை வைத்துப் புது முன்னுரை எடுத்துச் சேர்த்தார்கள். உங்கள் டாக்டர் அங்கிருந்து வந்தவர். நடிகர் கேரி காலின்ஸ் முகம் தெரிந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி. முதலில் ஒளிபரப்பான ஆண்டைப் பாருங்கள், பிறகு ஓடும் நேரத்தை. 1970 டிசம்பர் முதல் 1972 மார்ச் வரை வந்தவை (முதல் இரண்டு சீசன்கள், மொத்தம் 28 அத்தியாயங்கள்) 50 நிமிடம் ஓட வேண்டும். 25 நிமிடம் என்றால் கத்தரி பட்டது. 1972 செப்டம்பரிலிருந்து வந்த 15 அத்தியாயங்கள் பிறவியிலேயே அரை மணி; அவற்றைச் சந்தேகப்பட வேண்டாம். முதலில் வெட்டுப் பிரதியைப் பார்த்துத் தொடரை வெறுத்தவர்கள் நிறைய. அந்தப் பழியில் பாதி செர்லிங்குக்கும் லேர்டுக்கும் சேராது.

‘தி டால்’ கதையில் பழிவாங்கும் இந்தியரின் பெயர் ‘பண்டிட் சோழா’. இது என்ன கூத்து?
– தஞ்சாவூர் வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். வடநாட்டுப் பட்டம், தென்னாட்டு அரசகுலப் பெயர், நடித்தது ஹென்றி சில்வா என்ற அமெரிக்க நடிகர். இந்தியாவில் தன் சகோதரனைக் கொன்ற பிரிட்டிஷ் கர்னலின் வீட்டுக்குப் பொம்மையை அனுப்புகிறார். ‘கீழ்த்திசை மந்திரம்’ என்பது மூலக்கதை எழுதிய பிளாக்வுட்டின் தலைமுறைக்கே உரிய பழைய மூட்டை. தொலைக்காட்சி அதை அவிழ்க்காமல் அப்படியே தூக்கி வந்துவிட்டது. ஆனாலும் பல்லை இளிக்கும் அந்தப் பொம்மை முகம் லேசில் மறக்காது. கர்னலின் கை நிறைய ரத்தம் என்பதைக் கதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எரிச்சலோடு ரசிக்கலாம்.

பத்து நிமிடக் குறும்படம் எடுக்க இருக்கிறோம். அமானுஷ்யக் கதை. இந்தத் தொடரிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?
– சென்னை, திரைப்படக் கல்லூரி மாணவர்கள்

‘ஐஸ்’ கதையைக் காகிதத்தில் பிரித்து எழுதிப் பாருங்கள். பார்வையில்லாத பணக்காரிக்குக் கண் வேண்டும். கடன்பட்ட சூதாடி ஒருவன் 9,000 டாலருக்குத் தன் கண்களை விற்கிறான். பார்வை கிடைப்பதோ அரை நாள்தான். ஆசைக்கு விலை, விலைக்கு எண், எண்ணுக்குக் கெடு என்று எல்லாமே அளந்து வைத்திருக்கிறது. அதனால்தான் கண்கட்டை அவிழ்க்கும் நொடியில் நகரமே இருளும்போது நெஞ்சு அடைக்கிறது. 1965 நவம்பர் 9-ல் நியூயார்க்கில் நிஜமாகவே மின்சாரம் போனது. தற்செயலை நம்ப வைக்க அந்த நிஜம் கை கொடுத்தது. துணுக்குக் கதைகள் ஏன் விழுந்தன என்றால், அவற்றில் கடைசி வரி மட்டும்தான் உண்டு. விழுவதற்கு ஆளே இல்லாத பள்ளம்.

பத்து நிமிடத்தில் முதல் மூன்றுக்குள் ஆசையும் விலையும் தெரிந்துவிட வேண்டும். ஜந்து இருந்தால் நிழலோடு நிறுத்துங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கும் அதுதான் நல்லது. மின்னணு ஒலி வேண்டுமானால் முதல் இரண்டு சீசன் முகப்பிசையைக் கேளுங்கள். கில் மெல்லே என்பவர் இசைத்தது. அந்தக் காலத்திலேயே கருவிகளைத் தானே கட்டிக்கொண்ட மனிதர்.

மூன்றாம் சீசன்?
– சேலம் வாசகர்

செர்லிங் மனம் விட்டுப்போன காலம். ‘ரேர் ஆப்ஜெக்ட்ஸ்’ ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்.

‘தி கேட்டர்பில்லர்’ பார்த்ததிலிருந்து என் மகன் காதில் பஞ்சு வைத்துத் தூங்குகிறான். பூச்சி காது வழியாக மூளைக்குப் போகுமா?
– நாகர்கோவில் வாசகி

தலைப்பில் கம்பளிப்பூச்சி, கதையில் வருவது இடுக்கி வால் பூச்சி (earwig). போர்னியோ மழைக்காலம், அடுத்தவன் காதில் விட ஏற்பாடு செய்தது ஆள் மாறித் தன் காதிலேயே வந்து விழுகிறது. உள்ளே நடப்பதைக் காமிரா காட்டுவதில்லை. கைகள் கட்டிலோடு கட்டப்பட்ட நடிகர் லாரன்ஸ் ஹார்வியின் முகம் மட்டும்தான். உங்கள் மகனுக்குத் தூக்கம் போனது அந்த முகத்தால்.

நிஜத்தில் காதுத் துளை செவிப்பறையோடு முடிகிறது, அதற்கப்பால் எலும்பு. அந்தப் பூச்சி மூளையைத் துளைக்காது, முட்டையிடுவதும் மண்ணில். எப்போதாவது ஏதாவது பூச்சி காதுக்குள் போனால் பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி எதையும் விடாதீர்கள். பூச்சி இன்னும் உள்ளே போகும், செவிப்பறையும் கிழியலாம். காதை மேல்பக்கம் வைத்துப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும். சீழ் வடிகிற காது, ஓட்டை உள்ள செவிப்பறை, அறுவை நடந்த காது என்றால் எண்ணெயும் கூடாது. பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் எடுத்துவிடுங்கள். பஞ்சை இன்றைக்கே எடுக்கச் சொல்லலாம்.