யாரிடம் கத்தினேன், யாரிடம் கத்தவில்லை

கேள்வி: கொரோனா ஊரடங்கில் சாதுவான ஆட்கள்கூட வீட்டுக்குள் கத்தவும் கைநீட்டவும் தொடங்கியது ஏன்?

நான் அப்படிக் கத்தியவன். ஒருநாள் கையையும் ஓங்கியவன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

மதுரையில் சின்னதாக ஒரு ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை, சித்திரை வைகாசியில் அடிக்கிற பத்திரிகையில்தான் வருஷம் முழுக்கக் குடும்பம் ஓடும். 2020 மார்ச் 24 மாலை 144 போட்டபோது சித்திரை முகூர்த்தத்துப் பத்திரிகைகள் மடித்துக் கட்டிக் கடையில் அடுக்கியிருந்தன. கல்யாணங்கள் தள்ளிப்போயின. மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, பேப்பர் கடைப் பாக்கியோ அப்படியே நின்றது. ஆகஸ்ட் வரை வங்கித் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்தது. என் மனைவி டிவி முன்னால் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில்கூட என் மண்டைக்குள் கடன் கணக்குதான் ஓடியது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 24-இல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. இரண்டு அறை வீட்டில் அம்மா, மனைவி, மூன்றாம் வகுப்புப் பையன், நான், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல போன். பையன் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது பேப்பர் கடைக்காரர் கூப்பிட்டார். வாங்கிப் பேசினேன். “அடுத்த வாரம் பார்த்துடலாம் சார், கண்டிப்பா சார்.” குரல் அவ்வளவு பவ்யமாக இருந்தது. வைத்ததும் பையன், “அப்பா, மிஸ் என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க, நீங்க போன எடுத்துட்டீங்க” என்றான். கையில் இருந்த டம்ளர் சுவரில் போய் மோதியது, அடுத்து என் கை ஓங்கியிருந்தது. அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினான். அடிக்கவில்லை. ஆனால் தலையை அப்படி மறைத்துக்கொள்ள அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வீட்டில் கேட்ட சத்தத்திலேயே அவனாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை (அதற்கு முன்பும் இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் கிடையாது). அப்போதுதான் ஒன்று உறைத்தது. கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று சொல்கிறோம். எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேப்பர் கடைக்காரரிடம் கத்தவில்லை. வங்கியில் கத்தவில்லை. காய்கறி வாங்கப் போனபோது வழிமறித்த போலீசிடம் கைகட்டி நின்றேன். திருப்பி எதுவும் செய்ய முடியாதவன் எட்டு வயதுப் பையன் ஒருவன்தான், அவனிடம்தான் கை ஓங்கியது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நினைத்த காரியம் தடைபடும்போது ஆத்திரம் கிளம்புகிறது, தடுத்தவரை எதிர்க்க முடியாவிட்டால் அது கைக்கெட்டிய வேறு ஆள் மேல் திரும்புகிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டாலர்டும் கூட இருந்தவர்களும் 1939-லேயே எழுதியிருக்கிறார்கள். ஊரடங்கில் தடுத்தது ஒரு கிருமி. அதன் சட்டையை யார் பிடிக்க முடியும்? பயமும் அதே வழியில்தான் போகிறது. 2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் ஆம்புலன்ஸையே தாக்கியது. உடன் வேலை பார்த்த மருத்துவர் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. அந்தக் கும்பலும் வீட்டில் பிள்ளைகுட்டியோடு பயந்துகிடந்த சாதாரண ஜனங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் காரணம் தெரிவதால் செய்தது சரியாகிவிடாது. தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2019-இல் வந்த குடும்ப வன்முறைப் புகார்கள் 2,960, 2020-இல் 5,297. அத்தனை வீட்டிலும் அடித்தவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

அப்புறம், ‘மனசில் வைக்காமல் கத்தித் தீர்த்துவிடு’ என்று ஆலோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். பிராட் புஷ்மேன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. என் அனுபவமும் அதுதான், கத்திய நாளெல்லாம் மறுநாள் இன்னும் சீக்கிரமாகக் கத்தினேன்.

எனக்கு மாறியது எப்படி என்றால், மறுநாள் மனைவியிடம் கடன் கணக்கு முழுவதையும் சொன்னேன். அவள் பையனின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வரிசையாக எழுதினாள், இரண்டு வளையலை அடகு வைக்கலாம் என்றாள், பேப்பர் கடைக்காரரிடம் மாதம் இவ்வளவு என்று பேசச் சொன்னாள். அவர் ஒத்துக்கொண்டார். கடன் தீரவில்லை, ஆனால் அன்று இரவு தூங்கினேன். தினமும் மாலை டிவியில் சொல்லும் தொற்று எண்ணிக்கைக்காகக் காத்திருப்பதை விட்டேன், அந்த நேரத்துக்கு மொட்டைமாடியில் நடந்தேன்.

நீங்கள் அடிவாங்கும் பக்கம் இருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் மாறும்வரை காத்திருக்காதீர்கள், பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கத்தும் பக்கம் இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை எண், 2022-இல் வந்தது, தமிழிலேயே பேசலாம். அப்போது எனக்கு அது இல்லை.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றான். ஆனாலும் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைத்தான் பார்ப்பான். 2021 நவம்பர் 1-இல் பள்ளிக்கூடம் திறந்து அவன் கிளம்பிப் போன அன்றுகூட அந்தப் பார்வை முழுசாகப் போயிருக்கவில்லை.