ஹேமர் இல்லாத பிஸ்டல் எப்படி சுடுது?

கேள்வி: படத்துல வில்லன் பிஸ்டலை நெத்தியில வச்சு, பின்னாடி இருக்குற கொக்கியை கட்டைவிரலால 'க்ளிக்'னு மடக்குவான். க்ளாக் கம்பெனி பிஸ்டல்ல அந்தக் கொக்கியே காணோமே சார்? ரெண்டுல எது பெஸ்ட்?
- ஈரோடு வாசகர்

பதில்: அந்தக் கொக்கிதான் ஹேமர். ட்ரிகரை அழுத்துனா அது சாஞ்சு ஃபயரிங் பின் தலையில ஒரு போடு போடும், பின் போய் தோட்டாவோட பின்பக்கம் மருந்தைப் பத்த வைக்க இருக்குற ப்ரைமரைக் குத்தும். க்ளாக் ஸ்ட்ரைக்கர் டைப், அதுல அடிக்கிற ஆளே கிடையாது, ஸ்லைடுக்குள்ள (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் நகர்ற பாகம்) ஸ்பிரிங்கோட இழுபட்டு நிக்கிற ஊசியே விட்டதும் நேரா போய் குத்திடும். அதனால க்ளாக்கை காட்டி 'க்ளிக்' சத்தம் போட்டா அது சவுண்ட் இன்ஜினியர் கைவண்ணம், சிரிச்சுட்டு விட்டுடுங்க.

நிஜ வித்தியாசம் விரலுக்குத்தான் தெரியும். 1985ல அமெரிக்க ராணுவம் எம்9னு எடுத்துக்கிட்ட பெரெட்டா 92ல, ஹேமர் கீழ கிடக்குறப்போ முதல் குண்டுக்கு ட்ரிகரே ஹேமரையும் பின்னாடி தள்ளணும், சுமார் 5 கிலோ அழுத்தம், நீளமா வேற இழுக்கணும். சுட்டதும் ஸ்லைடு பின்னால வந்து ஹேமரை மடக்கிடும், ரெண்டாவது குண்டுக்கு அதுல பாதி போதும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் தலைவலி, முதல் குண்டு ஒரு பக்கம் அடுத்தது இன்னொரு பக்கம் போகும். க்ளாக்ல எல்லா குண்டுக்கும் ஒரே அழுத்தம், சுமார் இரண்டரை கிலோ. ட்ரெய்னிங் சுலபம், அதான் போலீஸ்காரங்க அந்தப் பக்கம் சாஞ்சாங்க. 2017ல அமெரிக்க ராணுவமும் பெரெட்டாவுக்குப் பதிலா சிக் சாவர் கம்பெனியோட ஸ்ட்ரைக்கர் பிஸ்டலை தேர்ந்தெடுத்துச்சு.

அதுக்காக ஹேமரை மட்டமா நினைக்காதீங்க. பிஸ்டலை உறையில சொருகும்போது கட்டைவிரலை ஹேமர் மேல வச்சுக்கிட்டா, சட்டை நுனி ட்ரிகர்ல மாட்டி இழுத்தா ஹேமர் அசையறது விரல்லயே தெரிஞ்சிடும், அப்படியே நிறுத்திடலாம். க்ளாக்ல அந்த வசதி கிடையாது. என்னைக் கேட்டா, தினமும் பழகுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பழக நேரம் இல்லாதவங்களுக்கு ஸ்ட்ரைக்கர்.

கேள்வி: அப்போ ஸ்ட்ரைக்கர் க்ளாக் கண்டுபிடிச்சதா?
- அதே வாசகர்

பதில்: இல்லங்க. 1908ல ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கிட்ட லூகர் பிஸ்டலே ஸ்ட்ரைக்கர்தான். பிளாஸ்டிக் பாடியும் க்ளாக்குக்கு முன்னாடியே வந்தாச்சு, ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியோட விபி70 பிஸ்டல்ல. 1982ல ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17ஐ எடுத்துக்கிட்ட பிறகுதான் ஊரெல்லாம் ஒத்துக்கிச்சு. நம்ம இஷாப்பூர் ஃபேக்டரி 9 எம்எம் பிஸ்டல் பழைய ப்ரௌனிங் ஹை பவர் டிசைன், அதுல ஹேமர் உண்டு.