சீம்பால் ஏன் கட்டியாகிறது? புரதக் கேள்விகளுக்கு ஒரு வேதியியல் வாத்தியாரின் பதில்கள்

தர்மபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தில் புரதம் பற்றிக் கேள்விச் சீட்டு எழுதிப் போடச் சொல்லியிருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். மாடு, ஆடு, பட்டுப்புழு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. நல்லதாய்ப் போயிற்று. நான் பாலக்கோடு பக்கம் மாட்டுக்கொட்டகையில் வளர்ந்தவன், பிறகு முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தியவன். இரண்டும் ஒரே நாளில் உதவுவது அபூர்வம்.

அரூர், பிளஸ் டூ மாணவி: அமினோ அமிலம் என்கிறோமே சார், அது புளிக்குமா?

புரதம் ஒரு சங்கிலி என்றால் அதன் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றான கிளைசின் இனிக்கும், கண்ணு. 1820இல் பிரான்சில் பிராகொன்னோ என்பவர் ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். இனிப்பான படிகம் கிடைத்தது. ஜெலட்டின் சர்க்கரை என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அதுதான் கிளைசின்.

புளிக்காததற்குக் காரணம் அதன் அமைப்பு. நடுவில் ஒரு கார்பன், அதற்கு நான்கு கைகள். ஒரு கையில் கார்பாக்சில் தொகுதி, அது அமிலம். இன்னொன்றில் அமினோ தொகுதி, அது காரம். மூன்றாவதில் ஹைட்ரஜன். நான்காவதில் இருப்பதுதான் பக்கச் சங்கிலி. தண்ணீரில் கரைந்ததும் கார்பாக்சில் தன் புரோட்டானை விட்டுவிடும், அமினோ தொகுதி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின்சுமை, மறுபக்கம் எதிர்மின்சுமை. இதைத்தான் உங்கள் பாடத்தில் சுவிட்டர் அயனி என்கிறார்கள். இவ்வளவு சின்ன மூலக்கூறாக இருந்தும் கிளைசின் 200 டிகிரியைத் தாண்டித்தான் சிதைகிறது. உப்பின் குணம் அதில் இருப்பதால்தான் அப்படி.

நம் உடம்பு புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 வகைக்கும் அந்த நான்காவது கைதான் வித்தியாசம். கிளைசினுக்கு அங்கேயும் வெறும் ஹைட்ரஜன். புரோலின் மட்டும் கொஞ்சம் ஏடாகூடம். அதன் பக்கச் சங்கிலி வளைந்துபோய்த் தன் நைட்ரஜனையே பிடித்துக்கொள்ளும். அதை நினைவில் வை, சீம்பாலில் மறுபடி வரும்.

காவேரிப்பட்டணம், மாணவர்: 10 அமினோ அமிலம் சேர்ந்தால் 10 பெப்டைடு பிணைப்பா? வரிசை மாறினால் என்ன ஆகும்?

ஒன்பது, தம்பி. ஓர் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு கோத்துக்கொள்வதுதான் பெப்டைடு பிணைப்பு. பத்துப் பேர் வரிசையாகக் கை கோத்து நின்றால் கோத்த இடம் ஒன்பதுதானே. சங்கிலியின் தலையும் வாலும் சேர்ந்து வட்டமானால்தான் பத்து. ஒவ்வொரு பிணைப்பு உருவாகும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். பிணைப்பை உடைக்க அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செரிமானம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

வரிசை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்தால் அரிவாள் செல் நோய். மற்ற 145 இடமும் சரியாகவே இருக்கும். குளூட்டாமிக் அமிலத்துக்கு மின்சுமை உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலின் எண்ணெய்க் குணம். அந்த எண்ணெய்ப் பசையுள்ள இடம் பக்கத்து ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு நாராகிறது, சிவப்பணு அரிவாளாக வளைகிறது.

காரிமங்கலம், மாடு வளர்க்கும் அம்மா: சீம்பாலை ஆவியில் வைத்தால் கட்டியாகிறது. நாலைந்து நாள் கழித்துக் கறக்கும் பாலை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாவதில்லை. ஒரே மாடுதானே?

அம்மா, இந்தச் சீட்டைப் படித்ததும் எனக்கு வாயூறிவிட்டது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு எங்கள் வீட்டில் இட்லிக் குண்டானில் வைப்பார்கள்.

மாடு ஒன்றுதான், பாலில் இருக்கும் புரதம் வேறு. சாதாரணப் பசும்பாலில் புரதம் சுமார் மூன்றரை சதவீதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். முதல் கறவைச் சீம்பாலில் புரதம் 14 சதவீதம்கூட இருக்கும். அதில் பெரும்பங்கு இம்யூனோகுளோபுலின், அதாவது கன்றுக்கு நோய் தடுக்கும் புரதம்.

இனி சூட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான புரதம் நூல்கண்டு மாதிரி ஒழுங்காகச் சுருண்டு இருக்கும். எண்ணெய்க் குணமுள்ள பக்கச் சங்கிலிகள் உள்ளே ஒளிந்திருக்கும், தண்ணீரோடு ஒத்துப்போகிறவை வெளியே நிற்கும். சூடு ஏறினால் கண்டு பிரிகிறது. உள்ளே ஒளிந்திருந்தவை வெளியே வந்து, பக்கத்தில் பிரிந்து கிடக்கும் இன்னொரு கண்டோடு சிக்கிக்கொள்கின்றன. ஆயிரமாயிரம் கண்டுகள் இப்படிச் சிக்கினால் வலையாகிவிடும், இடையில் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். கட்டியாவது அதுதான். முட்டை வேகுவதும் இதே கதை. இதை இயல்பிழத்தல் என்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கண்டுதான் பிரிந்தது, நூல் அறுபடவில்லை. பெப்டைடு பிணைப்பு எல்லாம் அப்படியே இருக்கும்.

கேசீனில் புரோலின் நிறைய. அந்த ஏடாகூடக்காரன் இருக்கும் இடத்தில் சங்கிலி ஒழுங்காகச் சுருள முடியாது. அதனால் கேசீன் ஆரம்பத்திலிருந்தே தளர்வாகத்தான் கிடக்கிறது. பிரிப்பதற்கு அங்கே கண்டே இல்லை, சூடு என்ன செய்யும்? காய்ச்சிய பால் பாலாகவே இருக்கிறது.

ஆனால் கேசீனுக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பாலின் பிஎச் சுமார் 6.6. அந்த நிலையில் கேசீன் உருண்டைகள் எல்லாம் எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உறை ஊற்றினால் பாக்டீரியா லாக்டிக் அமிலம் செய்கிறது, பிஎச் இறங்குகிறது. 4.6க்கு வரும்போது நேரும் எதிரும் சமமாகி மொத்தச் சுமை பூஜ்யம். தள்ளுவதற்கு எதுவும் இல்லை, ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் தயிர். எலுமிச்சை பிழிந்தால் இதே வேலை அவசரமாக நடக்கிறது. ஆக, சீம்பால் கட்டியாவது சூட்டால், தயிர் உறைவது புளிப்பால்.

இன்னொன்று, கன்றுக்கு முதல் சீம்பாலைத் தாமதிக்காதீர்கள். பிறந்த கன்றின் குடல் சுமார் ஒரு நாளுக்குத்தான் அந்த நோய்த் தடுப்புப் புரதத்தை வெட்டாமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். பிறகு கதவு மூடிவிடும். கன்று வயிறாரக் குடித்த பிறகு நமக்கு.

பென்னாகரம், ஒரு பெரியவர்: எனக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா?

ஐயா, இன்சுலினும் புரதம்தான், சின்னது. 51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி: ஒன்றில் 21, ஒன்றில் 30. இரண்டையும் கந்தகப் பாலங்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. இந்த வரிசையை முழுதாகப் படித்துச் சொன்னதற்காக ஃபிரெடெரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் கொடுத்தார்கள். வாயில் போட்டால் வயிற்றுக்கு அது மருந்தென்று தெரியாது. கொள்ளுப் பருப்பை எப்படி வெட்டுமோ அப்படியே வெட்டிவிடும். இங்கே நூலே அறுபடுகிறது, வரிசை போய்விடும், வேலையும் போய்விடும்.

அந்தக் குப்பியை ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள். உறைந்தால் புரதம் உருக்குலையும், பிறகு உருக்கினாலும் பழையபடி ஆகாது. உறைந்த குப்பியைப் போட வேண்டாம்.

ஓசூர், ஒரு தங்கை: கொலாஜன் பவுடர் குடித்தால் முகத்துக்குப் போகுமா?

ஐயாவுக்குச் சொன்ன பதிலின் மறுபக்கம்தான் இது. கொலாஜன் தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம். கொலாஜனாகவே போகாது. வயிற்றில் வெட்டுப்பட்டு அமினோ அமிலமாகவும் துண்டுப் பெப்டைடுகளாகவும் போகும். முகத்துக்குத்தான் போக வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் விலாசம் எழுதி அனுப்புவதில்லை. அந்தக் காசுக்கு என்ன வாங்குவது என்பது உங்கள் விருப்பம்.

ஆனால் கொலாஜன் என்றதும் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று சங்கிலிகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட அமைப்பு அது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கயிற்றின் நடுவே இடம் ரொம்பக் குறைவு. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பதிலேயே சின்னதான கிளைசின்தான் நிற்க வேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம் என்று காட்டும், 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றைக்கும் உலகத்தில் யாரும் ஒரு புரத அமைப்பைச் சரிபார்ப்பதில்லை.

நல்லம்பள்ளி, பட்டு விவசாயி: கூட்டைக் கொதிநீரில் போடாமல் நூல் எடுக்க முடியாதா? பட்டு எரிந்தால் முடி எரிந்த நாற்றம் ஏன்?

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியும் புரதம், பட்டும் புரதம். பருத்தி எரிந்தால் காகித வாசம், ஏனென்றால் அது செல்லுலோஸ். கலப்படப் பட்டைக் கண்டுபிடிக்க ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பது இதனால்தான்.

கூட்டில் இரண்டு புரதம். உள்ளே இழையாக ஃபைப்ரோயின், மேலே பசையாக செரிசின். கூட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் பசைதான். செரிசினில் செரின் என்ற அமினோ அமிலம் அதிகம், அதற்குத் தண்ணீர் என்றால் பிரியம். வெந்நீரில் இளகிவிடும், இழையின் நுனி கைக்கு வரும். ஃபைப்ரோயினில் பெரும்பகுதி கிளைசினும் அலனினும் மாறி மாறி வரும், நடுநடுவே செரின். எல்லாம் சின்னப் பக்கச் சங்கிலிகள். அதனால் சங்கிலிகள் அடுக்கி வைத்த தாள் மாதிரி நெருக்கமாகப் படிகின்றன, இடையில் ஹைட்ரஜன் பிணைப்புகள். கொதிநீருக்குக்கூட உள்ளே நுழைய வழியில்லை. நீங்கள் பசையைத்தான் வேகவைக்கிறீர்கள், பட்டு இழையை அல்ல. புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துப் போன பிறகும் நூல் எடுக்கலாம். ஆனால் ஒரே நீள இழை கிடைக்காது, பஞ்சு மாதிரி நூற்க வேண்டும். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஓட்டைக் கூட்டுக்கு என்ன மதிப்பு என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தேன்கனிக்கோட்டை, இல்லத்தரசி: கேழ்வரகுக் களியில் புரதம் இருக்கிறதா, சுண்ணாம்புச் சத்து மட்டுமா?

100 கிராம் கேழ்வரகில் சுமார் 7 கிராம் புரதம். அளவைவிட முக்கியம், எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பது. நம் உடம்பால் செய்ய முடியாத ஒன்பதை உணவில்தான் எடுத்தாக வேண்டும். கேழ்வரகில் மெத்தியோனின் தாராளம், லைசின் குறைவு. கொள்ளு, அவரை, துவரை எல்லாம் இதற்கு நேர் எதிர். களிக்குக் கொள்ளுக் கடைசலும் அவரைக்கொட்டைக் குழம்பும் நம் பாட்டிமார் வைத்தது ருசிக்காகத்தான் இருக்கும், கணக்கும் ஒத்துவருகிறது. ஒரே வேளையில் சேர்க்க வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளைக்குள் இரண்டும் போனால் போதும்.

கொள்ளைப் பச்சையாக அரைத்துக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. வேண்டாம். புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியையே தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஓசூர், உடற்பயிற்சிக்கூடத் தம்பி: பச்சை முட்டையா, வெந்ததா?

வெந்தது. பச்சையில் பாதிப் புரதம்தான் செரிக்கிறது, வெந்ததில் 90 சதவீதம் வரை. கண்டு பிரிந்தால்தானே செரிமான நொதி என்ற கத்தரிக்கோலுக்கு நூல் எட்டும்.

பாலக்கோடு, பால் ஊற்றுபவர்: பாலில் யூரியா கலந்தால் புரதம் அதிகம் என்று எப்படிக் காட்டும்?

1883இல் கெல்டால் கண்டுபிடித்த முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கும், பாலுக்கு 6.38ஆல். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பது கணக்கு. அந்த நைட்ரஜன் புரதத்திலிருந்து வந்ததா, உர மூட்டையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. 2008இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருளைக் கலந்ததும் இந்த ஓட்டை வழியாகத்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். குழந்தைப் பால்மாவில் போய், சுமார் 3 லட்சம் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள், சிறுநீரகத்தில் கல் அடைத்துச் சிலர் இறந்தே போனார்கள். யூரியாவைப் பிடிக்கத் தனிச் சோதனை இருக்கிறது, அதில் மாட்டிக்கொள்வார்கள்.

ஊத்தங்கரை, ஆடு வளர்ப்பவர்: சூபாபுல் தழை போட்டால் ஆட்டுக்கு முடி கொட்டுகிறது. அதில் புரதம் அதிகம் என்றுதானே போடச் சொன்னார்கள்?

சொன்னது உண்மைதான் அண்ணே, புரதம் அதிகம். ஆனால் அந்த இலையில் மிமோசின் என்று ஓர் அமினோ அமிலம் தனியாக இருக்கிறது. நான் சொன்ன 20இல் அது கிடையாது, எந்தப் புரதத்திலும் சேராது. பார்க்க அந்த 20இல் ஒன்றான டைரோசின் மாதிரி இருந்துகொண்டு உடம்பை ஏமாற்றும். முடி வளரும் இடத்தில் செல் பிரிவதைத் தடுக்கும், அதனால்தான் கொட்டுகிறது. சில ஆடுகளின் இரைப்பையில் மிமோசினைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மந்தையில் சிலதுக்கு மட்டும் கொட்டுகிறதா என்று பாருங்கள். தழையை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாமல் சோளத்தட்டோடு கலந்து போடுங்கள். கழுத்தில் வீக்கம் தெரிந்தால் சூபாபுலை அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப்போங்கள்.